தாத்தா சென்சார் போர்டும் தலை தீபாவளிப் படமும்

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வேலூர் லாங் பஜார்ல நடந்திருக்கீங்களா? நடக்கவெல்லாம் முடியாது. பின்னாடி இருக்கிறவங்க தள்ளத் தள்ள நாம போய்க்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். எங்க தாத்தா அந்தத் தெருவுல ஒரு மளிகை மண்டியில நாற்பது வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவர். ராத்திரி பதினோரு மணிக்கு மேல கல்லாவை மூடி, முதலாளி கையால போனஸ் வாங்கிக்கிட்டு, வீட்டுக்கு வர்றப்போ பன்னிரண்டு தாண்டிடும். 1965ல வந்த போனஸ் சட்டமெல்லாம் நாலு பேர் வேலை செய்யற மண்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் பழக்கம்னு ஒண்ணு இருந்தது. தீபாவளிக்குத் துட்டு, ஒரு வேட்டி, ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

விடிகாலையில எண்ணெய்க் குளியல். அது முடிஞ்சதும் மண்டி ஆளுங்களோட முதல் காட்சிக்குக் கிளம்பிடுவார். மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து தீர்ப்பு சொல்வார். மூணே மூணு தீர்ப்புதான்: "ஆயாவே போலாம்", "பொம்பளப் புள்ளைங்க வேணாம்", "யாரும் போவாதீங்க". எங்க வீட்டுச் சென்சார் போர்டு அது. மேல்முறையீடு கிடையாது :-)

இதெல்லாம் எதுக்கு ஞாபகம் வந்ததுன்னா, 2024 தீபாவளிக்கு வீட்டுல பதினாலு பேர். அமரன், பிரதர், பிளடி பெக்கர்னு ஒரே நாள்ல மூணு படம். ஆன்லைன்ல டிக்கெட் போடத் தெரிஞ்ச பாவத்துக்கு என் தலையில கட்டிட்டாங்க. துப்பாக்கிச் சத்தம்னா ஆயாவுக்கு ஆகாது. அக்கா பையனுக்கு ஆறு வயசு. மாமா சிவகார்த்திகேயன் ரசிகர். புதுசா கல்யாணமான சித்தப்பா மகளுக்கு எந்தப் படமானாலும் சரி, கடைசி வரிசையில ரெண்டு சீட்டு தனியா கிடைச்சா போதும். நாலு மணி நேரம் வாட்ஸப்ல சண்டை போட்டோம். தாத்தாவா இருந்தா ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

தாத்தா முதன்முதலா பார்த்த தீபாவளிப் படம் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட படம்னு இன்னைக்கு வரைக்கும் பேசறாங்க. எங்க ஊருக்கு எப்ப வந்ததுன்னு தாத்தா சொன்னதில்ல. ஆனா வண்டி கட்டிக்கிட்டு வீட்டுல அத்தனை பேரும் போனோம்னு சொல்வார். அந்த "அத்தனை பேரும்"தான் முக்கியம். கதையை யோசிச்சுப் பாருங்க. பெத்தவங்களை வீட்டை விட்டுத் துரத்தற பிள்ளை, தாசி மேல மையல் கொண்டு சொத்தைத் தொலைச்சு, கடைசியில திருந்தி அப்பா அம்மா காலடியில விழறான். பாட்டிகளுக்குத் தாய் தந்தை பக்தி. ஆம்பளைங்களுக்கு டி.ஆர்.ராஜகுமாரி. பாட்டுக்கு பாகவதர், சிரிக்க என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும். ஒரே டிக்கெட்டுல நாலு விதமான குடும்பத்துக்கும் படம்! இன்னொரு வேடிக்கை, 1944 கடைசியில பாகவதரும் என்.எஸ்.கே.யும் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல கைதாகிட்டாங்க. 1947லதான் விடுதலை. ஹீரோ ஜெயில்ல இருக்க, "பெத்தவங்களை மதி"ன்னு சொல்ற படத்துக்கு மட்டும் குடும்பம் குடும்பமா போய்க்கிட்டே இருந்தாங்க.

இந்தப் படம் இன்னாருக்குன்னு அரசாங்கம் பிரிச்சது அதுக்கப்புறம்தான். 1949ல 1918ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி 'யு', 'ஏ'ன்னு ரெண்டு முத்திரை கொண்டு வந்தாங்க. தமிழ்ல முதல் 'ஏ' படம்னு சொல்லப்படறது எது தெரியுமா? எம்.ஜி.ஆரோட 'மர்மயோகி', 1951. பேய் வருதுன்னு கொடுத்தாங்களாம்! இன்னைக்கு அக்கா பையன் பேய்ப் படம் பார்த்துக்கிட்டே இட்லி சாப்பிடறான்.

முத்திரை வயசை மட்டும்தான் பார்த்தது. வீட்டுக்குள்ள கணக்கே வேற. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தப்போ தாத்தாவுக்கு 22 வயசு. கோயில், பூசாரி, கலைஞர் வசனம்னு ஊரே ரெண்டுபட்டுக் கிடந்தது, தடை செய்யணும்னு கூடச் சொன்னாங்க. கொள்ளுத்தாத்தா வீட்டுல யாரும் போகக் கூடாதுன்னுட்டார். தாத்தா போனார். வசனம் மனப்பாடம் ஆகற வரைக்கும் போனார். (சென்சார் போர்டு ஆகறதுக்கு முன்னாடி அவரும் நம்மள மாதிரிதான் இருந்திருக்கார்.)

எம்.ஜி.ஆர்-சிவாஜி காலத்தை நீட்டி முழக்கப் போறதில்ல, அதுக்குத் தனி ஆளுங்க இருக்காங்க. 1964 தீபாவளி மட்டும் சொல்லியாகணும். ஒரே நாள்ல சிவாஜிக்கு ரெண்டு படம், 'நவராத்திரி', 'முரடன் முத்து'. எதிர்ல எம்.ஜி.ஆரோட 'படகோட்டி'. தாத்தா கையில அப்ப ஒரு படத்துக்குத்தான் காசு. வீட்டுப் பொம்பளைங்களை 'நவராத்திரி'க்கு அனுப்பிட்டார், ஒன்பது வேஷத்தோட சாவித்திரியும் இருக்காங்கன்னு. மண்டி ஆளுங்க 'படகோட்டி'க்குப் போயிட்டாங்க. அப்பல்லாம் தரை டிக்கெட், பெஞ்ச் டிக்கெட், பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கம், தனி கவுண்டர். பொம்பளைங்க கவுண்டர்ல கூட்டம் கம்மி. அதனால தெரியாத ஆம்பளைங்க எல்லாம் ஆயா கையில காசைத் திணிச்சு, "யக்கா, எனக்கும் ரெண்டு"ன்னு கெஞ்சுவாங்களாம். அந்த அரை மணி நேரந்தான் எங்க ஆயா அதிகாரத்துல இருந்த நேரம். டிக்கெட் வாங்கிக் கொடுத்த கை அவங்களோடது. எந்தப் படம்னு சொன்ன வாய் அவங்களோடது இல்ல.

இதை மாத்தினது சினிமா இல்ல, தோலு. எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாமே தோல் ஊருங்க. ரொம்ப காலம் பாதி பதனிட்ட தோலா கப்பல் ஏறிக்கிட்டிருந்தது. 1972ல சீதாராமையா கமிட்டி, அப்படியே அனுப்பாதீங்க, பொருளா செஞ்சு அனுப்புங்கன்னு சொன்னது. அடுத்தடுத்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தது. தோல் ஷூவாச்சு. தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி பக்கம் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். ஆனா ஷூ கம்பெனியில மிஷின்ல உட்கார்ந்து மேல்பாகம் தைக்கப் பொண்ணுங்க வந்தாங்க, ஆயிரக்கணக்குல. அவங்களுக்குச் சம்பளம், பி.எஃப்., தீபாவளிக்குச் சட்டப்படி போனஸ். சொந்த போனஸ்!

எங்க அம்மா ஆம்பூர்ப் பொண்ணு. சித்தி அங்க ஒரு ஷூ கம்பெனியில தையல் பிரிவுல இருந்தாங்க. 1991ல அம்மாவுக்குத் தலை தீபாவளி.

அந்தத் தீபாவளிக்கு என்ன படம்னு நம்மாளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நவம்பர் 5, 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாள். ரெண்டுக்கும் இளையராஜா. தலை தீபாவளிக்குப் புது மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போறது மாமனார் வீட்டுக் கடமை. மச்சான், கொழுந்தியா, பக்கத்து வீட்டுப் பசங்கன்னு ஒரு படையே கூடப் போகும். அம்மாவுக்கு 'குணா' பார்க்கணும். பாட்டு கேசட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்டு வெச்சிருந்தாங்க. இங்க வேலூர்ல போஸ்டரைப் பார்த்த தாத்தா, அப்பா பஸ் ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்: "இன்னாத்துக்குடா பைத்தியக்காரன் கதை? தலை தீபாவளியும் அதுவுமா? தளபதிக்குப் போ." படத்தையே பார்க்காம அவர் கொடுத்த தீர்ப்பு எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். அம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூர்லயும் அது செல்லுபடியாச்சு. பன்னிரண்டு பேர் 'தளபதி' பார்த்தாங்க.

இதுல எனக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. 'தளபதி'யில மட்டும் என்ன மங்களகரமா நடக்குது? பெத்த குழந்தையை கூட்ஸ் வண்டியில விட்டுட்டுப் போறாங்க, வெட்டு குத்து, காதலிச்ச பொண்ணு வேறொருத்தருக்குப் பொண்டாட்டியாகிடறா, உயிர் நண்பன் செத்துடறான். ஆனா அம்மா இருக்காங்க, ஸ்ரீவித்யா அழுவாங்க. அம்மா அழுதா அது குடும்பப் படம். 1987 தீபாவளிக்கு 'நாயகன்', 'மனிதன்' வந்தப்போவும் இதே கதை: பொம்பளைங்க 'மனிதன்', அப்பா மட்டும் 'நாயகன்' நாலு தடவை. 1995ல 'முத்து', 'குருதிப்புனல்'. சொல்லவே வேணாம், 'முத்து'தான்.

சித்தி என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தத் தலை தீபாவளிப் படையோடயே போகல. அடுத்த ஞாயித்துக்கிழமை தன்னோட லைன்ல தைக்கிற பொண்ணுங்க எட்டு பேரோட, சொந்த போனஸ் காசுல, 'குணா'வுக்குப் போயிட்டாங்க. யாரையும் கேக்கல. அம்மா அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ கதை சொன்னாங்க, மலை, குகை, அபிராமி எல்லாம். "கடைசிய மட்டும் சொல்ல மாட்டேன், நீயே பாரு"ன்னு நிறுத்திட்டாங்க.

நான் பார்த்து வளர்ந்த பண்டிகை வேற மாதிரி. 2004, 2005, 2006, மூணு வருஷமும் தீபாவளியும் ரம்ஜானும் ஒரு வாரத்துக்குள்ள வந்தது. லாங் பஜார்ல ஒரே கூட்டத்துக்குள்ள ரெண்டு பண்டிகை. மண்டிக்கு எதிர்க் கடை பாய், தாத்தாவுக்கு முப்பது வருஷ சிநேகிதர். அவங்க வீட்டுல ரெண்டு கட்சி. பாயோட அண்ணன் வீட்டுல சினிமாவே கிடையாது, அது அவங்க நம்பிக்கை. பாய் வீட்டுல உருது பேச்சு, அதனால இந்திப் படம். 2004ல இங்க 'அட்டகாசம்', 'மன்மதன்'னு ஓடறப்போ இந்தியில 'வீர்-ஜாரா' வந்தது. பாய் தாத்தாகிட்ட வந்து, "பெரியவரே, பொம்பளைங்கள கூட்டிட்டுப் போகலாமா?"ன்னு கேட்டார். இந்தி ஒரு வார்த்தை தெரியாத தாத்தா, போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னார்: "ஆயாவே போலாம்." உயர்ந்தபட்ச சான்றிதழ்!

அரசாங்கத்தோட சான்றிதழ் என்னாச்சுன்னா, 1983ல 'யு/ஏ' வந்தது. 2006ல தமிழ்ப் பேர் வெச்சா கேளிக்கை வரி இல்லன்னாங்க. 2011ல அதோட 'யு' சான்றிதழும் வேணும்னு சேர்த்தாங்க. அப்புறம் என்ன, 'யு'ங்கிறது குழந்தைங்க பார்க்கலாம்ங்கிறதை விட, வரி மிச்சம்ங்கிறதுக்கு அடையாளமாப் போச்சு. அரிவாளோட நிக்கிற படத்துக்கும் 'யு' வாங்க நடையா நடந்தாங்க. 2017ல ஜிஎஸ்டி வந்து அந்தக் கதையை முடிச்சு வெச்சது. 2019 பொங்கலுக்கு 'பேட்ட' 'யு/ஏ', 'விஸ்வாசம்' 'யு'. எங்க தெருவே கணக்கா பிரிஞ்சு போச்சு, பொண்ணு பெத்த அப்பாக்கள் எல்லாம் 'விஸ்வாசம்', பேச்சுலர் பசங்க 'பேட்ட'. 2024ல 'யு/ஏ'வையும் 7, 13, 16னு வயசு வாரியா பிரிச்சிட்டாங்க. நல்லதுதான். ஆனா 86 வயசு ஆயாவுக்கோ, தலை தீபாவளிப் பொண்ணுக்கோ அதுல கட்டம் இல்ல.

நிற்க. பதினாலு டிக்கெட் கதைக்கு வர்றேன். ஒன்பது பேருக்கு 'அமரன்' போட்டேன். ஆயா, அக்கா பையன், அவனைப் பார்த்துக்க அக்கா, தூக்கம் வருதுன்னு சொன்ன அப்பா, நாலு பேரும் வீட்டுல பட்டிமன்றம். அம்மாகிட்ட "உனக்கு எது?"ன்னு கேட்டேன். இருபத்தேழு வருஷத்துல நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவைன்னு கேட்டப்புறம்தான் உறைச்சது. "எனக்கு குணா"ன்னாங்க. அந்த வருஷம் பிப்ரவரியில 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்து, கொடைக்கானல் குகையும் பாட்டும் எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டிருந்தது. நான் கிண்டல்னு நெனச்சேன். அப்புறம்தான் 1991 கதை வெளிய வந்தது.

அன்னைக்கு ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் லேப்டாப்ல போட்டேன். அம்மா முழங்காலைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை கூட எழுந்திரிக்காம பார்த்தாங்க. குகை வந்ததும் "இதுவரைக்கும் சொன்னா உங்க சித்தி"ன்னாங்க. கடைசியில அபிராமி செத்து, அவளைத் தூக்கிக்கிட்டு குணா மலையிலிருந்து குதிச்சதும் ரொம்ப நேரம் பேசல. நான் லேப்டாப்பை மூடினேன்.

"உங்க தாத்தா சொன்னது சரிதான்டா. தலை தீபாவளிக்கு இது வேணாம்தான்."

எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து, விளக்கை அணைக்கறதுக்கு முன்னாடி சொன்னாங்க: "ஆனா, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"