கம்பளி போர்த்திய யானையும் மூணு நிழல்களும்

சேலத்துல தரை டிக்கெட் எடுத்துப் படம் பார்த்தவங்களுக்கு நான் சொல்லப் போறது உடனே புரியும். எங்க ஏரியா தியேட்டர்ல ஒரு அண்ணன் இருந்தார். பேரு தெரியாது, முகம்கூட சரியா ஞாபகம் இல்லை, குரல் மட்டும் அப்படியே இருக்கு. நெஞ்சுல குண்டு வாங்கின ஹீரோ அஞ்சு நிமிஷம் தங்கச்சிக்கு அறிவுரை சொல்லிட்டு இருப்பார். இருட்டுக்குள்ள இருந்து அண்ணன் குரல் வரும்: "யோவ், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, மிச்சத்த அங்க பேசிக்கலாம்." தியேட்டரே அதிரும். அந்தப் படத்தோட பேரு மறந்து போச்சு. அந்த அண்ணன் மறக்கலை.

அவரை நான் மறுபடி சந்திச்சது 2002 ஜனவரியில, அமெரிக்காவுல மினியாப்பொலிஸ் நகரத்துல. வெளிய மைனஸ் இருபது. மூக்கை வெளிய நீட்டினா திரும்பி வருமான்னு சந்தேகம். கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருத்தர், "வீட்ல சும்மா தானே இருப்பே, இதப் பாரு"ன்னு பழைய வீடியோ கேசட் ஒண்ணைக் கையில திணிச்சார். போட்டேன். ஏதோ கருப்பு வெள்ளைப் படம். நாலஞ்சு பேரு ஒரு பாறை மேல ஏறுறாங்க. ஏறுறாங்க. இன்னும் ஏறுறாங்க. ஆனா திரையோட அடியில தியேட்டர் சீட் வரிசை மாதிரி ஒரு நிழல், அதுல மூணு உருவம். ஒண்ணு மனுஷன், ரெண்டு பொம்மை ரோபோ. மூணும் சேர்ந்து அந்தப் படத்தைக் கிழி கிழின்னு கிழிக்குதுங்க. பாதி கிண்டல் எனக்குப் புரியலை. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அட, நம்ம அண்ணன்!

அந்த நிகழ்ச்சியோட பேரு மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000. கேசட் குடுத்தவர் ஏன் அவ்வளவு பெருமையா குடுத்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது பொறந்ததே அந்த ஊர்லதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். அமெரிக்காவுல டிவி வந்த புதுசுல சேனல்காரங்களுக்கு ஒரே தலைவலி, ராத்திரி நேரத்தை எதை வச்சு நிரப்புறதுன்னு. சினிமாக் கம்பெனிகள் கிட்டங்கில தூங்கிட்டு இருந்த பழைய படங்களை மொத்த விலைக்குத் தள்ளிவிட்டாங்க. 1957ல யுனிவர்சலோட 52 பழைய படங்களை, பெரும்பாலும் பேய்ப்படம், 'ஷாக்'னு பேரு வச்சு ஒரே கட்டாகச் சேனல்களுக்கு வித்தாங்க. படம் பழசு, பார்க்க ஆளு வேணுமே? அதனால ஊருக்கு ஒரு பேய் வேஷக்காரரைத் தொகுப்பாளரா உட்கார வச்சாங்க. இதுக்கு முன்னோடி லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1954ல வந்த வேம்பயரா, அதாவது மைலா நுர்மிங்கிற அம்மா. கருப்பு உடையில வந்து உட்கார்ந்து ஏடாகூடமா ஜோக் அடிச்சுட்டுப் படத்தை ஆரம்பிச்சு வைப்பாங்க. கொடுமை என்னன்னா, அவங்களே பிறகு 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'ல நடிச்சாங்க. 1980ல மெட்வெட் சகோதரர்கள் எழுதின புத்தகத்துல, 'எல்லாக் காலத்துக்கும் மோசமான படம்'ங்கிற பட்டம் அந்தப் படத்துக்குத்தான் கிடைச்சுது.

அடுத்து கிளீவ்லாண்ட் நகரத்துல கூலார்டி. நிஜப் பேரு எர்னி ஆண்டர்சன், இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனோட அப்பா. 1963லேர்ந்து 1966 வரைக்கும் கலக்கினார். மத்தவங்க பெரும்பாலும் படத்துக்கு முன்னாடியும் இடைவேளையிலயும்தான் பேசுவாங்க. இவர் படம் ஓடும்போதே சம்பந்தமில்லாத சத்தத்தையும் துணுக்குகளையும் உள்ள நுழைச்சார். 1966ல உட்டி ஆலன் ஒரு ஜப்பானிய உளவாளிப் படத்தை எடுத்து, வசனத்தை மொத்தமா மாத்தி, முட்டை சாலட் செய்முறையைத் தேடி அலையுற கதையா ஆக்கினார். ஆக, அடுத்தவன் படத்து மேல நம்ம வாயை வைக்கிற கலை ஏற்கெனவே இருந்துச்சு. ஆனா பார்க்கிறவனோட கூடவே உட்கார்ந்து, படம் முழுக்கப் பேசுறதை யாரும் ஒரு நிகழ்ச்சியா நிலைநிறுத்தலை.

அதைச் செஞ்சவர் ஜோயல் ஹாட்ஜ்சன். மேடையில விதவிதமான சாமான்களை வச்சு வேடிக்கை காட்டுற நகைச்சுவைக்காரர். பெரிய டிவி நிகழ்ச்சிகள்ல எல்லாம் தலைகாட்டிட்டு, ஹாலிவுட் ஒத்துவரலைன்னு ஊர் திரும்பினவர். எல்டன் ஜான் இசைத்தட்டு ஒண்ணோட உள்ளட்டையில, சினிமா பார்க்கிறவங்களோட நிழல் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்துதான் இந்த யோசனை வந்ததா அவரே சொல்லியிருக்கார். கேடிஎம்ஏன்னு ஒரு சின்ன உள்ளூர் சேனல். அங்க தயாரிப்பு மேலாளரா இருந்த ஜிம் மேலன் சரின்னார். 1988 நவம்பர் 24, அவங்க நன்றி சொல்லும் திருநாள் அன்னிக்கு, முதல் ஒளிபரப்பு.

கதை ரொம்ப எளிமை. ரெண்டு பைத்தியக்கார விஞ்ஞானிங்க ஒரு கடைநிலை ஊழியனை விண்வெளிக்கு அனுப்பி, மொக்கைப் படமாப் போட்டு அவன் மூளை எப்போ கலங்குதுன்னு பார்க்கிறாங்க. அவன் தனிமை தாங்காம, இருக்கிற உதிரி பாகத்தை வச்சு ரோபோ செஞ்சு துணைக்கு வச்சுக்கிறான். ஒரு ரோபோவோட தலை, சூயிங்கம் உருண்டை விக்கிற பொம்மை மெஷின். இன்னொண்ணோட வாய், பவுலிங் ஆட்டத்துல உருட்டித் தள்ளுற கட்டையை ரெண்டாப் பொளந்தது. மொத்த செட்டும் காயலாங்கடைதான். படத்தைக் கிண்டல் பண்றவனோட வீடே அந்தப் படத்தை விட மட்டம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

கேடிஎம்ஏல வாய்க்கு வந்ததை அங்கேயே பேசினாங்க. 1989 நவம்பர்ல காமெடி சேனலுக்குப் போன பிறகு எழுதி வச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. ஒரு அறையில எழுத்தாளர்கள் எல்லாம் உட்கார்ந்து, அதே மட்டமான படத்தைத் திரும்பத் திரும்ப, நிறுத்தி நிறுத்திப் பார்க்கணும். ஒரு எபிசோடுக்கு நூத்துக்கணக்குல ஜோக் வேணும், அதுவும் படத்து வசனத்தை மறைக்காம சந்துல நுழையணும். நம்ம தியேட்டர் அண்ணனுக்கு இது இயல்பா வந்துச்சு. இவங்களுக்கு அது முழுநேர உத்தியோகம். 1993ல ஜோயல் விலகினார். தலைமை எழுத்தாளரா இருந்த மைக் நெல்சன் அவர் இடத்துல உட்கார்ந்தார். ஜோயலா மைக்கான்னு ரசிகர்கள் அடிச்சுக்கிட்டது நம்ம ஊர் எம்ஜிஆர் - சிவாஜி சண்டைக்குக் குறைஞ்சது இல்லை. அதே வருஷத்துப் பீபடி விருதும் அந்த நிகழ்ச்சிக்குக் கிடைச்சுது. 1996ல காமெடி சென்ட்ரல் கைவிட்டுச்சு, 1997ல சைஃபை சேனல் எடுத்துக்கிச்சு, 1999ல அங்கயும் முடிஞ்சுது.

ஒவ்வொரு படத்துக்கும் உரிமை தனித்தனி ஆளுகிட்ட. அது காலாவதியானா எபிசோடு பெட்டிக்குள்ள போயிடும். அதனால ஆரம்ப வருஷங்கள்ல நிகழ்ச்சி முடிவுல பேரு ஓடும்போதே, கேசட்டைக் கைமாத்தி விடுங்கன்னு ரசிகர்களைக் கேட்டுக்குவாங்க. என் கைக்கு வந்தது அப்படிக் கைமாறின கேசட்டுல ஒண்ணு. அந்த விசுவாசம் சும்மா போகலை. 2015ல புது எபிசோடு எடுக்கப் பணம் குடுங்கன்னு ஜோயல் கேட்டப்போ 48,000 பேருக்கு மேல சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல கொட்டினாங்க. 2017ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு. அவங்க நிறுத்தினதும் 2021ல மறுபடி ரசிகர்கள்கிட்டயே கையேந்தி, 2022ல சொந்தத் தளத்துலயே புதுசா 13 எபிசோடு போட்டாங்க.

சரி, இவ்வளவு சிரிச்சாச்சு. இப்போ கொஞ்சம் உறுத்தற விஷயம்.

இவங்க கிழிச்சதுலயே பேர்போனது 1966ல வந்த 'மானோஸ்'. டெக்சாஸ்ல எல் பாசோ ஊர்ல உரம் விக்கிற ஹரால்ட் வாரன்ங்கிறவர், ஹாலிவுட் எழுத்தாளர் ஒருத்தர்கிட்ட "நானே ஒரு பேய்ப்படம் எடுத்துக் காட்டறேன்"னு பந்தயம் கட்டி எடுத்தது. ஒரு தடவை சாவி முறுக்கினா 32 விநாடிதான் ஓடும், அப்படி ஒரு கேமரா. நடிச்சவங்களுக்கு ரொக்கச் சம்பளம் கிடையாது. வில்லனா நடிச்சவரோட சின்னப் பொண்ணு ஜாக்கி நேமனும் நடிச்சா, கூலி ஒரு சைக்கிள். எல்லாக் குரலையும் சில பேர் மட்டும் உட்கார்ந்து பின்னாடி சேர்த்தாங்க. முதல் காட்சியில தன் வாயிலேர்ந்து வேற யாரோ பெரியவங்க குரல் வர்றதைக் கேட்டு அந்தக் குழந்தை அழுதுடுச்சாம். வேலைக்காரன் டோர்கோவா நடிச்ச ஜான் ரெய்னால்ட்ஸ் அந்த முதல் காட்சிக்கே இல்லை. ஒரு மாசம் முன்னாடி தற்கொலை பண்ணிக்கிட்டார். 1993ல அந்தப் படத்தை இவங்க கிழிச்சப்போ நாடே பார்த்துச் சிரிச்சது பெரும்பாலும் டோர்கோவோட நடையைத்தான்.

எழுத்தாளர் கர்ட் வானகட், நிகழ்ச்சியோட கெவின் மர்ஃபிகிட்ட நேர்லயே, மோசமாச் செஞ்சாலும் கலைஞனுக்கு மரியாதை உண்டுன்னு சொன்னாராம். படிச்சப்போ, பெரியவர் அப்படித்தான் சொல்வார்னு கடந்து போயிட்டேன். எனக்கு உறைச்சது சில வருஷம் கழிச்சு.

நான் முதல்ல பார்த்த அந்தப் பாறை ஏறுற படம் 'லாஸ்ட் கான்டினென்ட்', 1951. ஹீரோ சீசர் ரொமேரோ, பின்னாடி பேட்மேன் தொடர்ல ஜோக்கரா வந்தாரே அவரேதான். தயாரிச்சது ராபர்ட் லிப்பர்ட் கம்பெனி. கலிஃபோர்னியாவுல தியேட்டர் வச்சிருந்தவர், தன் தியேட்டருக்குப் போட மலிவு விலையில படம் பண்ண ஆரம்பிச்சவர். அவர் கம்பெனிப் படம் நாலஞ்சு இந்த நிகழ்ச்சியில மாட்டியிருக்கு. அடுத்த வருஷமே, 1952ல, அதே லிப்பர்ட், அதே ரொமேரோவை வச்சு 'தி ஜங்கிள்'னு ஒரு படம் வெளியிட்டார். கூட்டுத் தயாரிப்பு யாரு தெரியுமா? டி.ஆர். சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ். சேலம் ஏற்காடு ரோடு! நம்ம நம்பியாரும் அதுல இருக்கார். தமிழ்ல 'காடு'ன்னு வந்துச்சு.

விடுவோமா? டிவிடி கிடைச்சதும் நண்பர்கள் நாலு பேரு ரூம்ல உட்கார்ந்து, நாங்களே நிழல் உருவம் ஆயிட்டோம். காட்டுல நடக்கிறாங்க, நடக்கிறாங்க, முடிவுல ஆதிகாலத்துக் கம்பளி யானை வருது. நம்ம யானைக்கு மேல ரோமத்தைப் போர்த்தி விட்டிருக்காங்க. "சேலத்து வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குடா"ன்னு நான் விட்ட ஜோக்குக்கு ஒருத்தன் நாற்காலியிலிருந்தே விழுந்தான்.

அந்த வாரம் அப்பாகிட்ட ஃபோன்ல இதைச் சொல்லிச் சிரிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "தாத்தா அப்ப அங்கதான்டா தச்சு வேலையில இருந்தார். வெள்ளைக்காரன் படம், யானைப் படம்னு மூணு மாசம் ராத்திரி வீட்டுக்கே வரலை. கைல ரம்பம் பட்ட தழும்பு இருக்குமே, அது அப்ப பட்டதுதான்."

அந்தத் தழும்பை எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல அதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவேன்.

மறுபடி டிவிடியைப் போட்டேன், தனியா. யானை வர்ற இடத்துல சிரிப்பு வரத்தான் செஞ்சுது, பொய் சொல்லலை. ஆனா கண்ணு யானையைப் பார்க்கலை. பின்னாடி செட்டு, பலகை, கதவு, வண்டி, இதுல எது அவர் இழைச்சதுன்னு தேடிக்கிட்டே இருந்தேன்.

அதுக்காக இனிமே கிண்டலே கூடாதுன்னு நான் சாமியாராகலை. யோசிச்சுப் பார்த்தா, இந்த நிகழ்ச்சி நிலைச்சதுக்குக் காரணமே, அது மேல உட்கார்ந்து சிரிக்கலைங்கிறதுதான். காயலாங்கடை ரோபோவை வச்சுக்கிட்டு, அதே மாதிரி காயலாங்கடைப் படத்தைக் கடைசி வரைக்கும் எழுந்து போகாம பார்த்தாங்க. எல் பாசோ சுத்துவட்டாரத்தைத் தாண்டாத 'மானோஸ்' படத்தை உலகம் பார்த்ததும் இவங்களாலதான். 2011ல அதோட பழைய படச்சுருள் கிடைச்சு, ரசிகர்கள் காசு போட்டுப் புதுப்பிச்சாங்க. அன்னிக்கு அழுத ஜாக்கி பெரியவங்களாகி, அந்த அனுபவத்தைப் புத்தகமாவே எழுதினாங்க. நல்லா ஓடின எத்தனையோ படத்துக்கு அந்தக் குடுப்பினை இல்லை. எங்க தியேட்டர் அண்ணனும் அப்படித்தான். அவ்வளவு நக்கல் அடிச்சவர் ஒரு நாளும் பாதியில எழுந்து போனதில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸ்ல இன்னிக்கு அந்த முகப்பு வளைவு மட்டும்தான் நிக்குது. ஊருக்குப் போனா பஸ் அந்த வழியா போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்துக்குவேன். அடுத்த தடவை பசங்களோட உட்கார்ந்து 'தி ஜங்கிள்' போட்டுக் காட்டணும். ஸ்வெட்டர் ஜோக்கை அவங்களே அடிப்பாங்க, அடிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் தாத்தா கதையை நான் சொல்லிக்கறேன்.