ஒரு தகப்பனின் கை



விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் சிலருடைய உடுப்பில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். "கார் எரிஞ்சு புகை வந்தது" என்று பதறுவார்கள். "அது எயார்பேக் தூள், பயப்படாதேங்கோ" என்று தாதியரான நாங்கள் ஆறுதல் சொல்லுவோம். அந்தப் பைக்கு ஒரு வரலாறு உண்டு.

1952இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோன் ஹெட்ரிக் என்ற பொறியியலாளர் மனைவியோடும் மகளோடும் காரில் போனார். வழியில் கிடந்த பாறைக்கு விலகியபோது கார் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் தாயும் தகப்பனும் மகளைக் காக்கக் கையை நீட்டினார்கள். அந்தக் கையின் வேலையை ஒரு பை செய்யாதா என்று அவர் யோசித்தார். 1953இல் காப்புரிமை பெற்றார்.

அவர் நம்பியது அழுத்தி அடைத்த காற்றை. அதற்கு வேகம் போதவில்லை. கண் இமைக்கும் முன்பே, ஒரு செக்கனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்குள், பை விரியவேண்டும். பின்வந்தவர்கள் சிறு உலோகக் குடுவைக்குள் சோடியம் அசைட் என்ற இரசாயனத்தை வைத்து, மோதியவுடன் மின்பொறியால் பற்றவைத்தார்கள். அதிலிருந்து நைதரசன் வாயு பிறந்து பையை நிரப்பியது. ஆனால் சோடியம் அசைட் கடும் நஞ்சு. ஆகவே வேறு இரசாயனங்களைத் தேடினார்கள்.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் மலிவான அமோனியம் நைத்திரேற்றைத் தெரிந்துகொண்டது. ஆண்டுக்கணக்கில் ஈரப்பதமும் சூடும் பட்டால் அது பழுதாகி, அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். குடுவை வெடித்து உலோகத் துண்டுகள் பாயும். சிறு மோதலிலும் ஆட்கள் இறந்தார்கள். உலகெங்கும் 30க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சுமார் 10 கோடி குடுவைகள் திருப்பி அழைக்கப்பட்டன. சோதனை முடிவுகளை மறைத்ததை 2017இல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் வங்குரோத்தானது.

மோர்னிங்சைட்டில் எங்கள் பிள்ளைகளின் முதற்கார் பெரும்பாலும் பழைய காரே. திருப்பி அழைக்கும் கடிதம் முந்திய சொந்தக்காரரின் வீட்டுக்குப் போயிருக்கலாம். காரின் 17 இலக்க அடையாள எண், முன்கண்ணாடியின் சாரதி பக்கக் கீழ்மூலையில் இருக்கும். அதை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். டகாட்டா குடுவையை விற்பனையாளர் இலவசமாக மாற்றித் தருவார்.

மகளுக்காக நீட்டிய கையிலிருந்து வந்த பை இது. அது இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காயப்படுத்தாதபடி, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்திலேயே ஒருவருக்கொருவர் எண்ணைப் பார்த்துக்கொள்வோம்.