கைதாய் ஷின்ஷோ: அகராதியின்றி வந்த மொழிபெயர்ப்பு

கைதாய் ஷின்ஷோ என்பது 1774-ல் ஜப்பானின் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வெளிவந்த உடற்கூற்றியல் நூல். ஜெர்மானிய மருத்துவர் குல்முஸ் எழுதிய நூலின் டச்சுப் பதிப்பிலிருந்து இது மொழிபெயர்க்கப்பட்டது. பணியைத் தொடங்கியபோது அதன் முதன்மை ஆசிரியரான சுகிதா கென்பாக்குவுக்கு டச்சு எழுத்துகள்கூடத் தெரியாது.

கிறித்தவம் பரவுவதைத் தடுக்க, 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அரசு போர்ச்சுக்கீசியரை வெளியேற்றியது. ஐரோப்பியர்களில் டச்சு வணிகருக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் தங்க 1641 முதல் இடம் தரப்பட்டது. அவர்களுடன் பேசுவது அரசு நியமித்த மொழிபெயர்ப்பாளர்களின் வேலை. தந்தைக்குப்பின் மகன் என்று வந்த குடும்பத் தொழில் அது. சரக்கு, விலை, வரவேற்பு ஆகியவற்றுக்கு வேண்டிய மொழி அவர்களிடம் இருந்தது. மருத்துவ நூலைப் படிப்பது வேறு காரியம்.

டச்சு வணிகத் தலைவர் எடோவுக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர்களும் உடன் வருவார்கள். 1766-ல் அப்படி வந்த நிஷி ஸென்ஸபுரோ என்பவரை சுகிதாவும் மாயெனோ ரியோதாக்குவும் சந்தித்து, டச்சு கற்க விரும்புவதாகக் கூறினர். வேண்டாம் என்றார் நிஷி. ‘குடி’ என்பதைக் கோப்பையைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடிப்பதில் ‘விருப்பம்’ என்பதை எந்தச் சைகையால் கேட்பது? அதற்கான டச்சுச் சொல்லைச் சிறுவயது முதல் தாம் சொல்லி வந்தாலும், அதன் பொருள் ஐம்பது வயதில்தான் விளங்கிற்று என்றார் அவர். சுகிதா அந்த எண்ணத்தையே கைவிட்டார். ரியோதாக்கு விடவில்லை. ஏறத்தாழ ஐம்பது வயதை நெருங்கிய நிலையில் நாகசாகி சென்று சில நூறு சொற்களைக் கற்றுத் திரும்பினார்.

பிணப் பரிசோதனை

1771-ல் எடோவின் கொலைக்களம் ஒன்றில், மரணதண்டனை பெற்ற பெண்ணின் உடல் அறுக்கப்படுவதைப் பார்க்க இருவரும் சென்றனர். நாககாவா ஜூனான் என்ற மருத்துவரும் உடனிருந்தார். சுகிதாவும் ரியோதாக்குவும் கொண்டுவந்திருந்தது ஒரே டச்சு நூல் என்பது அங்கேதான் தெரிந்தது. உடலை அறுத்தவர் மருத்துவர் அல்லர். தொண்ணூறு வயது முதியவர். அவர் எடுத்துக்காட்டிய உறுப்புகள் சீன மருத்துவ நூல்களின் படங்களோடு ஒத்துப்போகவில்லை. டச்சுப் படங்களோடு அப்படியே ஒத்துப்போயின. தாம் அதுவரை அறியாமலே மருத்துவம் செய்துவந்தோம் என்ற வெட்கத்துடன் வீடு திரும்பும் வழியில், நூலை மொழிபெயர்ப்பது என்று மூவரும் முடிவு செய்தனர். மறுநாளே வேலை தொடங்கியது.

கையில் முறையான அகராதி இல்லை. டச்சு–ஜப்பானிய அகராதி ஒன்று அச்சில் வர 1796 ஆயிற்று. ஆனால் படங்கள் இருந்தன. படத்திலுள்ள உறுப்பு எல்லோர் உடலிலும் இருந்தது. அதனால் உடலின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கினர். புருவம் என்பது கண்ணுக்கு மேலுள்ள மயிர் என்ற அளவிலான வாக்கியத்துக்கே ஒரு நீண்ட வசந்தகாலப் பகல் முழுதும் செலவானது. புரியாத சொல்லுக்கு வட்டத்துக்குள் கூட்டல்குறி போன்ற அடையாளமிட்டு அடுத்ததற்குச் சென்றனர். மாதம் ஆறேழு முறை கூடினர். ஓராண்டுக்குப் பின் கடினமில்லாத இடங்களில் நாளொன்றுக்குப் பத்து வரிகள் படிக்க முடிந்தது.

மூக்கைப் பற்றிய கதை புகழ்பெற்றது. மூக்கு ‘ஃபுருஹெஹெந்தோ’ ஆனது என்று வந்த சொல் விளங்கவில்லை. கிளையை வெட்டிய இடமும், தோட்டத்தில் கூட்டிச் சேர்த்த குப்பையும் அவ்வாறு ஆகும் என்று ஒரு குறிப்பு கிடைத்தது. இரண்டிலும் பொதுவானது மேடு என்று சுகிதா கண்டுகொண்டார். எண்பது வயதைக் கடந்தபின் எழுதிய நினைவுக் குறிப்பில் அவர் சொல்லும் கதை இது. டச்சு நூலில் மூக்கைப் பற்றிய பகுதியில் அச்சொல் இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். நினைவு பிசகியிருக்கலாம். அவர்கள் சொற்பொருளை ஊகித்த முறைக்கு அது நல்ல சான்றுதான்.

சொல்லாக்கம்

மொழிபெயர்ப்பு பேச்சு ஜப்பானியத்தில் அமையவில்லை; கற்றோர் அனைவரும் படிக்கும் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டது. ஓர் அயல்மொழியிலிருந்து மற்றோர் அயல்மொழிக்கு என்றே இதைச் சொல்ல வேண்டும். இணைச்சொல் இருந்தால் அதையே கொண்டனர். இல்லாதபோது பொருளை வைத்துப் புதுச்சொல் அமைத்தனர். ‘நொறுங்கும் எலும்பு’ எனும்படியான டச்சுச் சொல், மென்மையான எலும்பு என்ற பொருளில் ‘நான்கொத்சு’ ஆயிற்று. தமிழ் இதையே குருத்தெலும்பு என்கிறது. நரம்புக்கு அமைத்த ‘ஷின்கெய்’ பின்னர் சீனத்திலும் கொரிய மொழியிலும் நுழைந்து இன்றும் வழங்குகிறது. சுரப்பிக்கு எதுவும் கிடைக்காததால் டச்சு ஒலியையே எழுதி வைத்தனர்.

எவ்வளவு தெரிந்தபின் வெளியிடலாம் என்பதில்தான் இருவரும் வேறுபட்டனர். சுகிதாவுக்கு அவசரம். நூல் முடியும்போது தான் புல்லுக்கடியில் கிடப்பேன் என்று சொல்லிச் சொல்லி, நண்பரிடமிருந்து ‘புல்லின் நிழல்’ என்ற பட்டப்பெயர் பெற்றவர் அவர். பதினொரு முறை திருத்தி எழுதியபின் பிழைகளுடனே வெளியிட்டார். குழுவில் டச்சு அதிகம் அறிந்தவரான ரியோதாக்குவின் பெயர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இல்லை. நூல் இன்னும் நிறைவுறவில்லை என்று அவர் கருதியதே காரணம் என்பர். புகழுக்காகக் கற்பதில்லை என அவர் கோயிலில் வேண்டிக்கொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அவருடைய தயக்கம் நியாயமானது. ஆயினும் அவசரப்பட்ட சுகிதாவால்தான் நூல் மருத்துவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிழைகளைத் திருத்தும் பொறுப்பை சுகிதா தம் மாணவரிடம் ஒப்படைத்தார். அவர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த திருத்திய பதிப்பு 1826-ல் வெளிவந்தது. அந்த மாணவர் ரியோதாக்குவிடமும் டச்சு பயின்றவர். கென்பாக்கு, ரியோதாக்கு என்னும் இரு ஆசிரியர் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தை எடுத்து, ஓட்சுகி கெந்தாக்கு என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார்.