சாயமும் மணலும்

காஞ்சியிலே பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்போரை நாம் கண்டிருக்கிறோம். கொதிநீரில் சாயம் விழுகிறது. கழியால் நூலைத் திருப்பத் திருப்ப, தொட்டி முழுதும் ஒரே நிறம். கலக்கினால் கலந்துவிடும் என்பது தொட்டி தந்த பாடம். பாலாற்று மணலுக்கும் அந்தப் பாடம் பொருந்துமோ? பொருந்தாது! கொந்தளிக்கும் நீர் கனமான துகள்களைச் சமமாகப் பரப்புவதில்லை; ஓரிடத்தில் கூட்டுகிறது, மற்றோரிடத்தை வெறிதாக்குகிறது. கலக்கும் கையே பிரிக்கவும் செய்கிறது, விந்தையன்றோ!

இந்த வரலாறும் சாயத்திலேதான் துவங்குகிறது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எனும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் வண்ண நீரை இழையாக விட்டார். நீர் மெல்ல ஓடியவரை, தறியில் பூட்டிய பாவுபோல இழை நேராக நின்றது. வேகம் வரம்பு கடந்ததும் அலைந்தது, அறுந்தது, குழாயெங்கும் பரவிற்று. சீரான ஓட்டம் வேறு, கொந்தளிப்பு வேறு என்பதைக் கண்ணாரக் காட்டினார்.

சாயத்துக்கென்று தனிப்போக்கு இல்லை. நீர் போகும் வழியே அதன் வழி. மணல் அப்படியன்று. நீர் வளையும்போது கனமான துகள் உடன் வளைய முடியாமல் நேரே செல்லப் பார்க்கிறது. சுழியின் நடுவிலிருந்து வெளியே எறியப்படுகிறது. சுழி அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் என்பர் ஊரார். மிதக்கும் சருகை இழுக்கும், மெய்தான், கனத்ததையோ உதறுகிறது! உதறப்பட்டவை சுழிகளுக்கு இடையிலே குவிகின்றன. 1987இல் மார்ட்டின் மேக்ஸி இதைக் கணக்கிட்டு விளக்கினார். 1991இல் ஸ்குயர்ஸ், ஈட்டன் இருவரும் கணிப்பொறியில் கொந்தளிப்பை உண்டாக்கி அக்கூட்டத்தைக் காட்டினர். நுண்தூசி நீரோடு போய்விடும், பெருங்கல் சுழியைச் சட்டை செய்யாது. இரண்டுக்கும் இடைப்பட்டதே அகப்படுகிறது.

ஆற்றிலே மணலின் எடையும் படுகையும் குறுக்கிடுகின்றன. அண்ணாந்து மேகத்தைப் பார்ப்போம். நம் ஏரிகளின் வாழ்வு அங்கேதான் இருக்கிறது. 2019 கோடையில் தமிழகம் தண்ணீருக்குத் தவித்தபோது, யாகம் நடத்தக் கோயில்களுக்குச் சுற்றறிக்கை சென்றது. மேகத்துக்குள் நடப்பதென்ன? ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேரவேண்டும். நீராவி படிந்து வளர்வது, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வந்ததும் மந்தமாகிறது. அதன்மேல் ஒன்றோடொன்று மோதித்தான் வளரவேண்டும். அப்படியிருந்தும் சில மேகங்கள் அரைமணிப் போதில் பொழிந்துவிடுகின்றனவே, எவ்வாறு?

கொந்தளிப்பு துளிகளை மோதவைக்கும் விதத்தை 1956இலேயே சாஃப்மன், டர்னர் எனும் இருவர் கணக்கிட்டனர். நம் காலத்தில் பெங்களூரில் ராமா கோவிந்தராஜனும் அவருடன் ஆய்ந்தோரும், ஒற்றைச் சுழியைச் சுற்றித் துளிகள் எங்கே குவிகின்றன, எங்கே ஒன்றையொன்று முந்தி மோதுகின்றன என ஆராய்ந்தனர். மழைக்குச் சுழியின் பங்கு எவ்வளவு, மேகத்திலே முன்பே இருக்கும் ஒருசில பெருந்துளிகளின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. விமானத்தில் மேகத்துக்குள்ளே புகுந்து துளிகளை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.