உள்தாளிலிருந்து விரல்ரேகைக்கு: புதூர்நாட்டை முன்வைத்து நியாயவிலைக் கடைக் கணினிமயமும் பயனரின் கட்டுப்பாட்டுணர்வும்

முன்னுரை

கணினி தம் கட்டுப்பாட்டில் இருப்பதாக வல்லுநர் உணர்வதும், கணினிக்குத் தாம் கட்டுப்பட்டிருப்பதாகப் பொதுப்பயனர் உணர்வதும் அறிவு வேறுபாட்டின் விளைவு எனக் கருதுவது வழக்கம். தமிழகப் பொது விநியோகத் திட்டத்தின் அண்மைக்கால வரலாறு வேறொரு காரணத்தையும் சுட்டுகிறது. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் புதூர்நாடு போன்ற பகுதிகளை மனத்திற்கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

தாள் அட்டைக் காலம்

தாள் வடிவக் குடும்ப அட்டையில், வழங்கப்பட்ட பொருள்கள் உள்தாளின் கட்டங்களில் குறிக்கப்பட்டன. எழுத்தறியாதவரும் நிரம்பிய கட்டத்தையும் வெற்றுக் கட்டத்தையும் வேறுபடுத்தி அறிய முடிந்தது. பொருள் மறுக்கப்பட்டால் அதற்கான சான்று பயனரின் கையிலேயே இருந்தது.

மின்னணு மாற்றம்

2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டை நடைமுறைக்கு வந்தது. கொள்முதல் விவரம் கைப்பேசிக் குறுஞ்செய்திக்கு மாறியது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தையொட்டி விரல்ரேகைச் சரிபார்ப்பு தொடங்கியது. கடையில் வைக்கப்படும் விரலின் பதிவு ஆதார் ஆணையத்தின் மையத் தரவகம் சென்று, 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடையாகத் திரும்புகிறது.

பொருந்தாமையை வல்லுநர் '300' என்னும் பிழைக்குறியீடாகக் காண்கிறார். வேறு விரல், கருவிழி, ஒருமுறைக் கடவுச்சொல் என அடுத்த வழிகள் அவருக்குத் தெரியும். சாமை விளைவித்து, மண்ணோடு உழைத்து ரேகை தேய்ந்தவருக்கோ அது தம் விரலின் குறையாகத் தோன்றுகிறது. இத்தோல்வி அரிதானதன்று. 2016-17 நடுவணரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, இராஜஸ்தானில் 37 விழுக்காடு எனும் தோல்வி மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது. சரிபார்ப்புத் தோல்வியைக் காட்டிப் பொருள் மறுக்கலாகாது என ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று அறிவுறுத்தியது. மாற்றாக விதிவிலக்குப் பதிவேட்டையும் பரிந்துரைத்தது. எனினும் அப்பதிவேட்டைத் திறப்பவர் விற்பனையாளரே. விதியை அறிந்த பயனரும் அவரைச் சார்ந்தே நிற்க வேண்டியுள்ளது.

முடிவுரை

ஆகவே, கட்டுப்பாட்டுணர்வு கணினியறிவை மட்டும் சார்ந்ததன்று. முடிவின் காரணத்தைக் காணவும் மாற்றுவழியைத் தாமே தொடங்கவும் இயலும் நிலையைச் சார்ந்தது. உள்தாள் குறைந்தது காணும் வாய்ப்பையேனும் அளித்தது. மறுப்பின் காரணத்தைத் தமிழில் அச்சிட்டுத் தரும் ஒரு சீட்டு அவ்வாய்ப்பைப் பயனருக்கு மீட்டுத் தரக்கூடும்.