சேர்வராயன் மலை – 9: பாதி கேட்ட காது

கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியோடு கோடாரியும் மலையேறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த மலைக்கு என்ன நேரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒருவரைச் சந்திக்க, இந்த வாரம் நாம் கொஞ்சம் தொலைவு போகவேண்டும்.

1850-இல் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கம், வெப்பநாடுகளில் காடு அழிந்தால் என்ன ஆகும் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டே அறிக்கை வந்தது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் ஹியூ கிளெக்ஹார்ன். 1820-இல் சென்னையில் பிறந்தவர், மருத்துவர், மைசூர் சீமையின் சிமோகாவில் பணியாற்றிக் காடு கரைவதை நேரில் கண்டவர். காடு மழையைக் கூட்டுமா என்ற கேள்வியில் அந்தக் குழு நிதானமாகவே பேசியது. ஆனால் பெய்த மழையை மலை பிடித்துவைக்கக் காடு வேண்டும், மரம் போனால் ஊற்று வற்றும், சரிவின் மண் ஆற்றோடு போகும் என்பதில் அதற்குத் தயக்கமே இல்லை.

கவனியுங்கள், இது 1851. சேர்வராயனில் அப்போது இன்னும் சோலை மிச்சமிருந்தது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் பிறக்கும் மலை இது. இங்கே ஓர் ஊற்று நின்றால் கீழே எத்தனை ஏரிகள் காயும் என்பதை அறிய எடின்பரோ அறிக்கைகூடத் தேவையில்லை. சேலத்து உழவர் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

1856-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது. டிசம்பரில் கவர்னர் ஹாரிஸ் பிரபு, கிளெக்ஹார்னைச் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமித்தார். காட்டைத் தின்னப்போவதும் அதைக் காக்கவேண்டியவரும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 கட்டைகள் வேண்டும். சில ஆண்டுகளில் அவை உளுத்துப்போகும், மறுபடி வெட்டவேண்டும். மாகாணத்து ரயில் பாதைகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் கட்டைகள், அதாவது 35,000 மரங்கள் தேவைப்பட்டன. எஞ்சின் தின்ற விறகு தனிக்கணக்கு. ஜோலார்பேட்டையைத் தாண்டி மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர் என்று சேர்வராயனின் அடிவாரத்தைத் தொட்டபடி சேலம் வந்த பாதை, 1862-இல் மேற்குக் கரையின் பேப்பூரை எட்டிவிட்டது. வட ஆர்க்காட்டு மலைகள் மொட்டையாகி வருவதை 1861-இல் வெளியான தன் நூலில் கிளெக்ஹார்ன் பதிவுசெய்தார்.

அரசு அவர் பேச்சைக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. என் மனம் ஆறாமல் இருப்பதே அங்கேதான். ரயிலைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் சொன்னபோது காது கேட்கவில்லை. மலைக்குடிகளின் புனக்காட்டு விவசாயம் காட்டை அழிக்கிறது என்றும் அவர் சொன்னார். அது மட்டும் உடனே கேட்டது! 1860-இல், முன் அனுமதி இல்லாமல் அரசுக் காட்டில் புனம் போடக்கூடாது என்று தடை வந்தது. சாமையும் ராகியும் விதைத்து, சில பருவங்களில் நிலத்தைக் காட்டிடமே திருப்பிக் கொடுத்துவந்தவர்கள் மீது முதல் பழி விழுந்தது. ஏக்கர் ஏக்கராக வெட்டி, திருப்பித் தராத தோட்டங்களுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. யாருக்கு நட்டமில்லையோ அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதை எச்சரிக்கைக்குச் செவிசாய்த்ததாகக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

காப்பியும் சும்மா இருக்கவில்லை. நிழல் மரங்களை வெட்டிய தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் புகுந்தது. குடகிலும் வயநாட்டிலும் அதை ஆராய்ந்த டாக்டர் ஜார்ஜ் பிடீ, நிழல் போனதும் வறட்சியும்தான் பூச்சிக்கு வழிவிட்டன என்று 1869-இல் எழுதினார். இன்று வாழவந்தி வட்டாரத்தில் காப்பிக்கு மேலே சில்வர் ஓக் நிற்கிறதே, அந்த நிழலுக்குப் பின்னால் இப்படி ஒரு பாடம் இருக்கிறது.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம்.

1876-இல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் நிம்மதி தரவில்லை. இதற்குக் காடழிப்புதான் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. பசிபிக் கடல் சூடேறிய எல் நினோவின் வேலை அது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. தானியம் ஏற்றுமதியானதும் நிவாரணக் கூலியைக் குறைத்ததும் மனிதர்கள் செய்தவை. ஆனால் வானம் கைவிடும் ஆண்டில், கசிந்து கசிந்து ஓடையை ஓடவைக்கவேண்டியது மலை. அதன் மடி ஏற்கெனவே காலியாகியிருந்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் இருந்த சேலம் மாவட்டத்து மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சத்துக்குள் சுருங்கியது.

பிணங்களை எண்ணி முடித்தபின் அரசுக்குக் காட்டின் நினைவு வந்தது. 1878-இல் இந்திய அரசு கடுமையான வனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் அதை ஏற்கவில்லை! தடுத்தது தோட்டத் துரைகள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அரசின் வருவாய் வாரியமே குறுக்கே நின்றது. ஏதோ ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அரிது, அந்த ஊராரின் உரிமையை எப்படிப் பறிப்பது என்பது சில ஆண்டுகளுக்கு முன்பே வாரியம் எழுதிவைத்திருந்த வாதம்.

காட்டைக் காக்கவேண்டும் என்பது ஓர் எச்சரிக்கை. காட்டோடு வாழ்பவரை விரட்டாதே என்பது இன்னோர் எச்சரிக்கை. இரண்டும் அரசின் மேசையில் கிடந்தன. 1881-இல் இந்திய வனத்துறையின் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ், மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் வகுக்கச் சென்னைக்கு வந்து இறங்கினார். அவர் எந்தக் காகிதத்தை முதலில் கையில் எடுத்தார்? வாழவந்திச் சரிவின் சாமைக் கொல்லைகள் அடுத்த ஆண்டுச் சட்டத்தில் ஊரின் பக்கம் நின்றனவா, அரசின் பக்கம் போயினவா?

(அடுத்த வாரம் தொடரும்)