பார்த்து வைத்த தோட்டம்

பெங்களூர் லால்பாக்கைச் சுற்றிவிட்டு 'நம்ம வீட்லயும் இப்படி வைக்கணும்' என்று சொல்லாமல் வெளியே வருபவர்கள் குறைவு. ஆனால் லால்பாக்கே பார்த்து வைத்ததுதான். 1760இல் ஹைதர் அலி அதைத் தொடங்கியபோது சிராவில் இருந்த முகலாய பாணித் தோட்டம் முன்மாதிரியாக இருந்தது என்பார்கள். ஆக, 'அசல்' தோட்டம் என்று ஒன்றைத் தேடிப் போனால் கைக்குக் கிடைப்பது இன்னொரு நகல்தான்.

1800இல், திப்பு கொல்லப்பட்ட மறு வருஷம், கம்பெனியின் ஆளாக வந்த பிரான்சிஸ் புக்கானன் இத்தோட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார். சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஒரு பாத்தி முழுக்க ரோஜா, ஒரு பாத்தி முழுக்க மாதுளை. நடைபாதை ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள். ஜெயித்தவனின் கணக்கெடுப்புதான் அது, சந்தேகமில்லை. ஆனால் அதே கணக்கில்தான் தண்ணீரும் பதிவாகியிருக்கிறது: மூன்று கிணறுகள், கவலை மாடுகள், தோல் பை. மழையில்லாத மாதங்களில் அத்தனையும் இறைத்து ஊற்றியது. இன்று கண்காட்சி பார்க்கிறவன் கண்ணில் பூதான் படுகிறது. மாடு படுவதில்லை.

அந்த மாட்டை ஓட்டியவர் யார்? ஹைதர், கேமரன், க்ரும்பீகல் என்று லால்பாக் வரலாறு பெயர்களாக எழுதப்பட்டிருக்கிறது. மண்ணைக் கிளறியவர்களில் பெரும்பங்கு திகளர்கள். திகளர் என்றாலே கன்னடத்தில் தமிழர் என்று பொருள் கொண்ட காலம் உண்டு. தோட்ட வேலையே தொழிலாக இருந்த அச்சமூகத்தைப் பெங்களூர் வருஷத்துக்கு ஒருமுறை, கரகத்தின்போது மட்டும் நினைத்துக்கொள்கிறது.

பொதுத்தோட்டத்திலிருந்து வீட்டுக்கு எது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1874க்குப் பிறகு லால்பாக்கைக் கவனித்த ஜான் கேமரன் காலத்தில் சௌசௌ அங்கே வந்து கொல்லைகளுக்குப் பரவியது. மெக்சிகோ பக்கத்துக் காய். நமக்கோ அது 'பெங்களூர் கத்திரிக்காய்'. தோட்டத்தின் ஞாபகம் காயின் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்ணிச்செடியின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து, பங்களா வேலிகளில் ஏறி, அங்கிருந்து தப்பியது. இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் புல் முளைக்க வேண்டிய இடத்தில் அதுதான் புதராக மண்டிக் கிடக்கிறது. வேலியில் வைத்தவன் யாரும் காட்டை அழிக்க நினைத்து வைக்கவில்லை. 'அழகா இருக்கே' என்றுதான் வைத்தான்.

காலனியத் தோட்டம் என்பதால் ஒதுக்கிவிடு என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சௌசௌ கூட்டைத் தின்றுகொண்டே இந்த வாதத்தைச் செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் செடிக்கு அங்கே யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இங்கே யார் ஊற்றப்போகிறார்கள்? பல வீடுகளில் பதில் ஒன்றுதான். புல்தரை ஆசை அவருடையது, குடம் அந்த அம்மாவுடையது.

ஒரு சுதந்திர தின மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு, பக்கத்துச் சித்தாபுரத்து நர்சரி ஒன்றில் ரோஜாக்கன்று கேட்டேன். வயதானவர், கன்னடம் கலந்த தமிழ். விலையைச் சொல்லவில்லை. "எந்த ஊரு சார்? மண்ணு செவப்பா கருப்பா? போர் தண்ணியா? உப்பு இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க, கன்னு இங்கேதான் இருக்கும்" என்றார்.